அக்காவின் புகையிலை வாசம்

அக்காவின் ஆண்டு நினைவு மலருக்கு நானும் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று கட்டாரில் இருக்கும் என் பெறாமகன், அக்காவின் மகன், தொலைபேசியில் கேட்டான். "அம்மாவின்ர நல்ல குணங்களை எழுதுங்கோ சின்னம்மா" என்றான். நல்ல குணங்களை எழுதுவதற்கு இந்த மலரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அக்காவோடு வேலை செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கோயில் பரிபாலன சபைத் தலைவர் எழுதியிருக்கிறார். அவர்கள் எழுதியதெல்லாம் உண்மை, ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நான் அக்காவின் ஒரே தங்கை. அறிவு தெரிந்த நாள் தொடக்கம் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள். அவர் போய் ஒரு வருடமாகியும் அது தீர்ந்தபாடில்லை. ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்ததையே எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அதிலும் ஒரு போத்தலைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். அக்கா பூசிய புகையிலை வாசமுள்ள அந்த சென்ட் போத்தலை உங்களில் அனேகர் கண்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அதன் மணம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா போன பிறகு அது யாருக்குச் சேரவேண்டும் என்பதில் எனக்கும் மச்சாளுக்கும் நடந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகக் கதைக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மச்சாள் என்று நான் சொல்வது அத்தானின் தங்கையை. நடந்தது எது என்பதை அச்சில் போட்டுவிட்டால் எனக்கும் நிம்மதி, கதைப்பவர்களுக்கும் வேலை மிச்சம்.

அக்கா சாம்பல்தீவில் பிறந்தார். அப்பாவுக்கு அங்கே வெங்காயத் தோட்டம் இருந்தது. அக்கா பிறக்கும்போதே தலை நிறைய முடி இருந்ததாம். சில வருடம் கழித்து நான் மொட்டைத் தலையோடு பிறந்தேன். அம்மா இதை வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் அக்கா படித்த அதே வகுப்பறைகளில் நான் படித்தேன். எந்த வகுப்புக்குப் போனாலும் ஆசிரியர்கள், "ஓ, அவவின்ர தங்கச்சியோ?" என்று கேட்டுவிட்டு, என் கணக்குக் கொப்பியைத் திறந்ததும் முகத்தை மாற்றிக்கொள்வார்கள்.

படிப்பு முடிந்த கையோடு அக்காவுக்குத் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எங்கள் ஊரிலிருந்து அப்படியொரு வேலைக்குப் போன முதல் பெண் அவர்தான். நான் ஆசிரியை ஆனேன். எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு ஆசிரியைமார் இருந்தார்கள். அக்கா கலியாணம் கட்டி ஓர்ஸ் ஹில்லில் அத்தானின் வீட்டுக்குப் போனார். அந்த வீட்டு விறாந்தையில் இருந்தால் உள்துறைமுகமும் அங்கே நிற்கிற கப்பல்களும் தெரியும். நான் கட்டிப் போன வீட்டு விறாந்தையில் இருந்தால் பக்கத்து வீட்டு மதில் தெரியும்.

கஷ்டங்களைச் சொல்லாமல் விடக்கூடாது. நாட்டு நிலைமை மோசமான காலத்தில் அக்கா வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியதும், திரும்பி வந்து பூட்டு இல்லாத வீட்டைக் கூட்டிக் கழுவியதும் ஒரு தரமல்ல. பள்ளிக்கூட முகாமில் இருந்தபோதும் கட்டியிருந்த சீலையைப் பின்னேரத்தில் தோய்த்துக் காயப்போட்டு, விடிய அதையே உடுத்தி வேலைக்குப் போனார். கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் எங்கள் வீடு அத்திவாரத்தோடு போனது. அக்காதான் எங்களைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்தார். மாதக்கணக்கில் அவருடைய கையால் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அவருடைய குசினியையும், நிலத்தில் பதித்த ஓடுகளையும், அலுமாரியையும் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அக்காவுக்கு அது தெரியும். ஒரு நாளும் அதைப்பற்றிக் கதைத்ததில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளை வெளிநாட்டில். வீட்டில் அக்காவும் மச்சாளும் மட்டும். மச்சாள் கலியாணம் செய்யாதவர், அரசாங்கக் கச்சேரியில் வேலை, அக்காவை "அண்ணி, அண்ணி" என்று நிழல் மாதிரிச் சுற்றுபவர். எங்கள் வழக்கப்படி அக்காவின் பொட்டையும் பூவையும் எடுத்துவிட்டோம். அக்கா தடுக்கவில்லை, ஆனால் வெள்ளைச் சீலை உடுத்தவில்லை. சாம்பல் நிறத்திலும் கபில நிறத்திலும் கொட்டன் சீலைகள் வாங்கி உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனார்.

அந்தக் காலத்தில்தான் போத்தல் வந்தது. வருட முடிவில் ஏதோ ஒரு கப்பலின் கப்டன் அக்காவின் அலுவலகத்துக்கு ஒரு பெட்டி நிறைய அன்பளிப்புக் கொடுத்துவிட்டுப் போனார். விஸ்கி மனேஜருக்குப் போனது, சொக்கலேற் பிள்ளைகள் உள்ளவர்களுக்குப் போனது. தேன் நிறத்தில் ஒரு சென்ட் போத்தல் மட்டும் மேசை மேசையாகச் சுற்றியது. மனேஜர் மணந்து பார்த்துவிட்டு, "சுருட்டு மணக்குது, இதைப் பூசிக்கொண்டு போனா மனிசி வீட்டுக்குள்ள விடமாட்டா" என்றாராம். மற்ற ஆண்களும் வேண்டாம் என்றார்கள். கடைசியில் அது அக்காவின் மேசையில் மிஞ்சிக் கிடந்தது. யாருக்கும் வேண்டாதது அக்காவின் கைக்குப் போனால் எல்லோருக்கும் வேண்டியதாகிவிடும். சின்ன வயதிலிருந்தே நான் கண்ட கதை இது.

வெள்ளிக்கிழமைகளில் அக்கா வேலை முடிந்ததும் நேரே பஸ் பிடித்துச் சாம்பல்தீவுக்கு, எங்கள் புதுவீட்டுக்கு வருவார். படலையைத் திறந்து வந்து, கைப்பையைக் கதிரையில் போட்டுவிட்டு, சீனி இல்லாத தேத்தண்ணி கேட்பார். அவருக்கு அப்போதே சீனி வருத்தம் இருந்தது. அந்த வருட முடிவுக்குப் பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, தேத்தண்ணிக் கோப்பையை நீட்டும்போது அந்த மணம் எனக்கு மூக்கில் ஏறியது.

"என்னக்கா, ஆம்பிளையளின்ர சென்டோ பூசியிருக்கிறீங்கள்?"

"போத்தலில ஆம்பிளை எண்டும் இல்லை, பொம்பிளை எண்டும் இல்லை."

"ஆக்கள் என்ன கதைப்பினம்? அத்தான் போய்..."

"பூவைத்தான் வைக்கப்படாது எண்டு சொன்னனீங்கள்" என்றார் அக்கா, கோப்பையை வாங்கிக்கொண்டே. "புகையிலையைப் பூசப்படாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."

அப்பா வெங்காயப் பாத்தியில் நின்று சுருட்டுப் பிடிப்பவர். அக்கா அப்பாவின் செல்லம். அதை வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். "அப்பாவின்ர ஞாபகத்துக்கோ?" என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டார். "எடி, எல்லாத்துக்கும் அப்பாவை இழுக்காதை. அப்பாவின்ர சுருட்டு நாறும். இது மணக்கும். எனக்குப் பிடிச்சிருக்கு, பூசிறன்."

பிடித்திருக்கிறது, பூசுகிறேன். இவ்வளவுதான் காரணம். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் தனக்குப் பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைச் செய்ததை நான் அன்றுதான் கண்டேன். எனக்கும் அப்படி ஏதாவது பிடித்திருக்கக் கூடாதா என்று நாள் முழுக்க யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அக்கா அதைப் பூசும் விதத்தையும் எழுத வேண்டும். சீலையில் ஒரு நாளும் அடிக்கமாட்டார். குளித்துத் துடைத்து, உடம்பில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே பிடரியில் ஒரு தரம், முழங்கை மடிப்பில் ஒரு தரம். வெயில் காலத்தில் பிடரியோடு சரி; எங்கள் ஊர் வெக்கையில் அதிகம் அடித்தால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குத் தலையிடிக்கும் என்பார். மாரி காலம்தான் அதற்கு ஏற்ற காலம் என்பது அவருடைய தீர்ப்பு. மழைக்காற்றில் அது உடம்பை விட்டு ஓடாமல் பதுங்கி நிற்குமாம். அடித்த உடனே மணக்கவும் விடமாட்டார். "முதல்ல குத்தும். அதை அதின்ர பாட்டில விடு. ஆறினாப் பிறகுதான் அது கதைக்கத் தொடங்கும்" என்பார்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் நான் கலியாணம் கட்டிய நாளிலிருந்து தலையில் வைத்த மல்லிகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவர் தோட்டத்தால் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா வந்தவவோ?" என்று கேட்பார். அக்கா திரும்பிப் போய் ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். "எப்பிடித் தெரியும்?" என்பேன். "நல்ல மணம் நிக்குது" என்பார். இதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

ஒரு நாள் ஓர்ஸ் ஹில் வீட்டில் நான் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டு, "போட்டுப் பாரன்" என்று அக்காவே எடுத்துத் தந்தார். மணிக்கட்டில் அடித்தேன். பழக்கதோஷத்தில் இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்க்கப் போக, "தேய்க்காதை, முதல் வாற மணம் செத்துப்போகும்" என்று கையைப் பிடித்தார். காத்திருந்தோம். அக்காவின் கையில் ஆறி இனித்த அதே சென்ட், என் கையில் மழை நனைந்த சாம்பல் போல மணந்தது. கொஞ்ச நேரம் போனால் சரிவரும் என்று அக்கா சொன்னார். கொஞ்ச நேரம் போனதும் இன்னும் மோசமாகியது. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். "ஒவ்வொருத்தரின்ர தோல் ஒவ்வொரு மாதிரி. உனக்கு மல்லிகைதான் வாய்ச்சது" என்றார் அக்கா. ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

அதற்குப் பிறகு மச்சாள் போட்டுப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய கையில் அது ஆறி, இனித்து, அக்காவின் கையில் மணப்பது போலவே மணந்தது. ஒரே வயிற்றில் பிறந்த என் தோலில் ஒட்டாத வாசம், எங்கோ பிறந்த மச்சாளின் தோலில் ஒட்டிவிட்டது. இதை எந்தச் சபையில் சொன்னாலும் அநியாயம் என்றுதான் தீர்ப்பு வரும்.

தோலோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மச்சாளுக்கு மூக்கும் இருந்தது. வேலை முடிந்து வந்த பின்னேரங்களில் இரண்டு பேரும் விறாந்தையில் துறைமுகத்தைப் பார்த்து இருப்பார்கள். கப்பல் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக வரும். அக்கா கையை நீட்ட, மச்சாள் குனிந்து மணப்பார். "இப்ப தேன் வந்திட்டுது அண்ணி." "ஓம், இண்டைக்கு வேளைக்கே வந்திட்டுது." இன்னும் கொஞ்ச நேரத்தில், "கேக்குக்குப் போடுற பிளம்ஸ் மாதிரி ஒண்டு, இல்லையே?" "நேற்று இல்லாதது, என்ன?" கடைசியில் இருவரும் சேர்ந்து, "மரப்பெட்டி" என்பார்கள். அது பழைய மரப்பெட்டியைத் திறக்கும்போது வரும் மணமாம். நானும் பக்கத்துக் கதிரையில் இருந்து மணந்து பார்ப்பேன். எனக்கு வந்தது புகையிலை. முதலும் புகையிலை, முடிவும் புகையிலை. இரண்டு பேர் தங்களுக்கு மட்டும் தெரிந்த பாஷையில் கதைக்கும் வீட்டில் விருந்தாளியாக இருந்தவர்களுக்கு என் நிலை விளங்கும்.

ஊர் கதைத்தது. அதைத் தொடக்கிவைத்தவர் எங்கள் பெரிய மாமி, அம்மாவின் அண்ணன் மனைவி. ஒரு கோயில் திருவிழாவில் அக்காவின் பக்கத்தில் நின்றுவிட்டு வந்து என்னை ஒதுக்குப்புறமாக இழுத்தார்.

"பிள்ளை, கொக்கா ஒளிச்சுச் சுருட்டுப் பிடிக்கிறாளோ?"

"ஐயோ மாமி, அது சென்ட்."

"சென்டுக்குள்ள ஆரும் சுருட்டை வைப்பினமே? மல்லிகை வைப்பினம், ரோசா வைப்பினம்." மாமி என் கன்னத்தைத் தடவினார். "நீ கொக்காவைக் காட்டிக்குடுக்க மாட்டாய். நல்ல பிள்ளை நீ."

நான் தலையில் அடித்துச் சொன்னாலும் மாமி நம்பவில்லை. அக்காவிடம் சொன்னபோது அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த திருவிழாவுக்கு இன்னும் ஒரு தரம் கூட அடித்துக்கொண்டு போனார்.

போத்தல் முடிய முடியப் பெறாமகன் அதே வகையைத் தேடி வாங்கி அனுப்பினான். சில வருடத்துக்கு முன் அந்த வகை நின்றுபோனது. வேறு புகையிலை வாசங்கள் அனுப்பிப் பார்த்தான். அக்கா ஒவ்வொன்றையும் மணந்து, "இதில சீனி கூடிப்போச்சு," "இது புகையிலை இல்லை, புகை" என்று தள்ளிவிட்டார். கடைசியாக வந்த பழைய போத்தலைத்தான் துளி துளியாகப் பூசினார். நான் சொல்லும் போத்தல் அதுதான்.

அக்காவின் சிறுநீரகம் பழுதானதும், பெரியாஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததும் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மருந்துகளோ வருத்தமோ, கடைசி மாதங்களில் அக்காவின் மூக்கு வேலை செய்யவில்லை. சோற்றின் மணம் தெரியவில்லை, டெற்றோலின் மணம் தெரியவில்லை. அதற்கெல்லாம் அவர் கவலைப்படவில்லை. சென்டின் மணம் தெரியாமல் போனதுதான் அவரை உலுக்கியது. அதன் பிறகு தினமும் கையில் கொஞ்சம் அடித்துவிட்டு மச்சாளை மணக்கச் சொல்வார். மச்சாள் கட்டிலில் இருந்து, தேன் வந்தது, பிளம்ஸ் வந்தது என்று சொல்லச் சொல்ல, அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் அறை வாசலில் கஞ்சிக் கோப்பையோடு நின்று அதைப் பார்த்தேன். என் அக்கா சாகக் கிடந்தார், நான் மச்சாளின் மூக்கைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். மனிதர் இப்படித்தான் இருக்கிறோம்.

ஒரு நாள் மச்சாள் கப்பல்துறைக் கிராமத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அன்றைய பகலுக்கு அக்கா எனக்குக் கிடைத்தார். பின்னேரம், "போத்தலை எடு" என்றார். முழங்கை மடிப்பில் அடித்தேன். ஆறும்வரை காத்திருந்தோம்.

"இப்ப சொல்லு. என்ன வருது?"

எனக்குப் புகையிலைதான் வந்தது. ஆனால் மச்சாளை விடக் குறைந்தவளாக நான் விரும்பவில்லை. "தேன் வருது அக்கா. பின்னால மரப்பெட்டி மாதிரி ஒண்டு."

அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "அது மச்சாளின்ர மூக்கு. அவ வந்து சொல்லுவா. உன்ர மூக்குக்கு வாறதைச் சொல்லு."

"எனக்கு ஏலாது அக்கா. எனக்கு ஒண்டும் பிடிபடாது."

"வடிவா மணந்து பார்."

குனிந்து மணந்தேன். புகையிலை, மருந்து, கொஞ்சம் வேர்வை, தோய்த்த கொட்டன் சீலை. இவையெல்லாம் ஒன்றாக வந்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. "நீங்கள் வேலையால வாற மணம் அக்கா" என்றேன். "வெள்ளிக்கிழமை படலையைத் திறந்து வந்து, பையைக் கதிரையில போட்டிட்டுத் தேத்தண்ணி கேப்பீங்களே. அந்த நேரத்து மணம்."

அக்கா "ஓம்" என்றார். என் கையைப் பிடித்தபடி நித்திரையாகிப் போனார். மச்சாள் திரும்பி வந்தபோது நான் இதைச் சொல்லவில்லை. என்னிடம் இருந்ததே அது ஒன்றுதான், அதை ஏன் பங்குபோட வேண்டும்?

சில நாளில் அக்கா போய்விட்டார். அமைதியாகத்தான் போனார். குளிப்பாட்டி உடுத்திய பிறகு, வழக்கப்படி பன்னீரும் ஓடிக்கொலோனும் தெளித்தார்கள். நான் அறைக்குள் ஓடி அலுமாரியைத் திறந்தேன். போத்தல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. தலையணைக்குக் கீழே பார்த்தேன், குளியலறையில் பார்த்தேன், இல்லை. மச்சாள் அக்காவின் கால்மாட்டில் அழுதுகொண்டிருந்தார். என் அக்கா யாரோ ஒருவருடைய மணத்தோடு வீட்டை விட்டுப் போனார். அன்று எனக்கு வந்த அழுகையில் பாதி கோபம்.

எட்டுச் செலவன்று அக்காவுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்தோம். கணவாய்க் கறி, பாரை மீன் பொரியல், புட்டு, சீனி இல்லாத தேத்தண்ணி. இறந்தவர் விரும்பியது எதுவும் குறையக்கூடாது என்பதுதானே அந்தச் சடங்கு. எல்லாம் வைத்து முடிய, பெரிய மாமி மெல்லக் குனிந்து, மடியிலிருந்து ஒரு கட்டுச் சுருட்டையும் நெருப்புப் பெட்டியையும் எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தார்.

"மாமி, என்ன இது?" என்றேன்.

"விடு பிள்ளை. உயிரோட இருக்கேக்க பாவம் ஒளிச்சு ஒளிச்சுப் பிடிச்சவள். இனியாவது நிம்மதியாப் பிடிக்கட்டும்." மாமியின் கண் கலங்கியிருந்தது. அந்த வயதில் தனியாகக் கடைக்குப் போய், யாருக்கு என்று கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் வாங்கி வந்திருக்கிறார்.

நான் அதை எடுக்கக் கை நீட்டும் முன், மச்சாள் எழுந்து தன் அறைக்குள் போனார். வந்து, சுருட்டுக் கட்டுக்குப் பக்கத்தில் அந்தப் போத்தலை வைத்தார். "மாமி, அண்ணியின்ர சுருட்டு இதுதான்" என்றார்.

சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். நான் இரண்டும் செய்யவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால், "இது உங்களிட்டையோ இருந்தது? செத்த வீட்டில ஓடிக்கொலோன் தெளிக்கேக்க எங்க வைச்சிருந்தனீங்கள்?" என்று சத்தம் போட்டேன். இதைத்தான் நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். இதற்குப் பிறகு குசினியில் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

குசினியில் மச்சாள் முதுகைக் காட்டிக்கொண்டு சட்டி கழுவினார். "அண்ணி எனக்குத்தான் தந்தவ, மச்சாள்" என்றார். "'எரிக்கிற உடம்பில பூசி வீணாக்காதை, உயிரோட இருக்கிற ஆள் பூச வேணும்' எண்டு சொல்லித் தந்தவ. அதுதான் ஒளிச்சு வைச்சனான்."

"எனக்கு ஏன் தரேல்லை?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா ஒண்டு சொல்லுறன்." சட்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "நான் இவ்வளவு காலமும் தேன், மரம், பிளம்ஸ் எண்டு சொல்லிச் சொல்லிக் களைச்சனான். கப்பல்துறையால திரும்பி வந்து மணந்து சொல்லப்போக, அண்ணி என்ன சொன்னவ தெரியுமோ? 'வேண்டாம், தங்கச்சி சொல்லிப்போட்டாள்' எண்டவ. 'வேலையால வாற மணமாம்' எண்டு. கடைசி மட்டும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னவ. அதுக்குப் பிறகு என்னை ஒரு நாளும் மணக்கச் சொல்லேல்லை. எனக்கு எப்பிடி எரிஞ்சிருக்கும்?"

அதைக் கேட்டு எனக்கு உண்டான சந்தோசத்தை இந்த மலரில் மறைக்க விரும்பவில்லை. எட்டாம் நாள் துக்க வீட்டில், கறிச்சட்டிகளுக்கு நடுவில் நின்று, என்னைப் பார்த்தும் ஒருவர் பொறாமைப்பட்டிருக்கிறார் என்று நான் மனம் குளிர்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

பிறகு மச்சாள் போத்தலை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். "நீங்கள் கொண்டு போங்கோ. கூடப்பிறந்தது நீங்கள்தானே." வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. என் வீட்டுக்குக் கொண்டுபோனால் போத்தல் எனக்கு. ஆனால் என் கையில் அது சாம்பல்தான் மணக்கும். மச்சாளின் கையில்தான் அக்கா மணப்பார். போத்தலும் வேண்டும், அக்காவும் வேண்டும் என்றால் நடக்காது. திருப்பிக் கொடுத்தேன். "அலுமாரிக்குள்ள பூட்டி வைக்கப்படாது. பூச வேணும்" என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டு வந்தேன். வழி முழுக்க ஏன் கொடுத்தேன் என்று என்னையே திட்டினேன்.

மச்சாள் பூசவில்லை. முடிந்துவிடும் என்ற பயம். மாதங்கள் போயின, மாரி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். படலை திறந்த சத்தம் கேட்டது. கதிரையில் பை விழுந்தது. அதற்குப் பின்னால் அந்த மணம் வந்தது. பஸ், மழை, வேர்வை, நாள் முழுக்க உடம்பில் கிடந்து ஆறிய புகையிலை. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கேத்திலை அடுப்பில் வைத்தேன். சாயத்தை வடித்து, சீனி போடாமல், அக்காவின் பெரிய கோப்பையில் ஊற்றிக்கொண்டு முன்னுக்கு வந்தேன்.

கதிரையில் மச்சாள் இருந்தார். கச்சேரியிலிருந்து நேரே வந்திருக்கிறார். என் முகத்தையும் கோப்பையையும் பார்த்தார். தேத்தண்ணிக்குக் கரண்டி கரண்டியாகச் சீனி போடுபவர் அவர். எழுந்து கோப்பையை வாங்கி, சீனி கேட்காமல் அடிமட்டும் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவும்போது நின்று அழுதேன்.

அக்காவைக் கடைசிவரை பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நேரங்காலம் பார்க்காமல் ஆட்டோவை எடுத்து வந்த ஓர்ஸ் ஹில் அயலவருக்கும், துக்க வீட்டுக்குத் தேத்தண்ணியும் பாணும் கொண்டுவந்து தந்த எல்லோருக்கும், தூரத்திலிருந்து வந்தவர்களுக்கும், வர ஏலாமல் அழைத்துக் கதைத்தவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். சுருட்டுக் கட்டு வாங்கி வந்த பெரிய மாமிக்கு என் தனிப்பட்ட நன்றி. அக்கா இருந்திருந்தால் வருடம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்திருப்பார்.

மச்சாளுக்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை. அவருடைய தோலிலும் மூக்கிலும் எனக்குள்ள பொறாமை அப்படியே இருக்கிறது. அவருக்கு ஒன்றுதான் சொல்ல வேண்டும். நேரில் சொல்ல வெட்கமாக இருப்பதால் எல்லோருக்கும் முன்னால் அச்சில் சொல்கிறேன். மச்சாள், வெள்ளிக்கிழமைகளில் வாருங்கள். முடிந்துவிடும் என்று பார்க்க வேண்டாம், பூசிக்கொண்டு வாருங்கள். இனிமேல் உங்களுக்குச் சீனி போட்டே தேத்தண்ணி தருவேன்.